பூட்டவும் விடுவிக்கவும் ஒரு பெட்டி

திருவிழாக் காலங்களில் நால்வர் தோள் கொடுத்துச் சப்பரம் தூக்கிச் செல்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். நேரான தெருவில் நால்வரும் ஒரே அளவாக அடியெடுத்து வைக்கின்றனர். தெருமுனை வந்ததும் நிலைமை மாறுகிறது. உட்புறம் நிற்பவர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே கால் மாற்றுகிறார். வெளிப்புறத்தில் உள்ளவர் எட்டி நடக்கிறார். முன்னே செல்வோர், பின்னே வருவோரைக் காட்டிலும் நீண்ட வளைவைக் கடக்கின்றனர். "நால்வரும் ஒரே அளவாகத்தான் நடக்க வேண்டும்" என்று எவரேனும் அங்கே கட்டளையிட்டால், தண்டு முறியும். அல்லது தோள் புண்ணாகும்.

மோட்டார் காரின் நான்கு சக்கரங்களுக்கும் இதே சட்டந்தான். அந்த நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் வலிமையைப் பகிர்ந்தளிக்கும் விரைவுக் கார்களில், "எப்போது ஒன்றாகப் பிணைப்பது, எப்போது விடுவிப்பது" என்று முடிவு செய்யும் ஒரு சிறு மின்னணுப் பெட்டி உண்டு. தொழிற்சாலைகள் செய்யும் அந்தப் பெட்டியை வீட்டு மேசையின்மேல் தம் கையாலேயே செய்து பொருத்திக்கொள்ளும் ஆர்வலர்கள் பல நாடுகளில் இருக்கின்றனர். அவர்கள் செய்வது என்ன, அதில் உள்ள அறிவு எது, ஆபத்து எது என்பவற்றை இங்கே காண்போம். இயந்திரங்களில் நாட்டமுள்ள பிள்ளைகள் உள்ள வீடுகளில் இக்கட்டுரை ஒரு மாலைப்பொழுது உரையாடலுக்கு இடந்தரும் என நம்புகிறோம்.

வளைவில் எழும் சிக்கல்

முதலில் ஒரு கணக்கு. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2.5 மீட்டர் இடைவெளி உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை நன்றாகத் திருப்பி, பின்னச்சின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்லுமாறு ஓட்டுகிறோம். ஒரு முழுச் சுற்றில் பின்னச்சு கடக்கும் தொலைவு 31.4 மீட்டர். முன்னச்சு கடக்கும் தொலைவோ 35.1 மீட்டர். ஒரே சுற்றில் 3.7 மீட்டர் வேறுபாடு!

பின் சக்கரங்களை மட்டும் எஞ்சின் சுழற்றும் சாதாரணக் காரில் இது தொல்லை தருவதில்லை. முன் சக்கரங்கள் தம் விருப்பம்போல் உருண்டுகொள்ளும். ஆனால் முன்னச்சும் பின்னச்சும் ஒரே தண்டினால் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தால், அந்த 3.7 மீட்டரை யாரேனும் ஈடுகட்டியாக வேண்டும். மண் தரையில் சக்கரம் சறுக்கி ஈடுகட்டும். உலர்ந்த தார்ச்சாலையில் சறுக்க இடமில்லை. டயர் முனகும், வண்டி தடுக்கித் தடுக்கி நகரும், பல்லிணைகளில் முறுக்கம் ஏறும். நெடுநாள் இவ்வாறு ஓட்டினால் கியர் பாக்ஸ் உடைவது உறுதி.

இதற்குத் தீர்வாக, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் என்னும் பல்லிணைத் தொகுதி வைக்கப்படுகிறது. அது வலிமையைப் பகிர்ந்துகொடுத்து, இரண்டு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழலவும் இடந்தருகிறது. ஆயினும் அதற்கும் ஒரு குறையுண்டு. முன் சக்கரங்கள் பனியிலோ சேற்றிலோ அகப்பட்டு வெறுமனே சுழலத் தொடங்கினால், எஞ்சினின் உழைப்பெல்லாம் அந்த வெற்றுச் சுழற்சியிலேயே வீணாகும். பிடிப்புள்ள பின் சக்கரங்களுக்குப் போதிய வலிமை போய்ச்சேராது. அந்நேரத்தில் நடு டிஃபரன்ஷியலைப் பூட்ட வேண்டும். வளைவு வந்ததும் விடுவிக்க வேண்டும். இந்தப் பூட்டுதலும் விடுவித்தலுமே நம் கட்டுரையின் பொருள்.

உழவு டிராக்டரிலிருந்து பந்தயத் திடலுக்கு

இவ்வரலாற்றில் நமக்குப் பழக்கமான ஒரு பெயர் வருகிறது. நம் ஊர் வயல்களில் உழுத மாசே பெர்குசன் டிராக்டரை அறியாத உழவர் இல்லை. அந்தப் பெயருக்குரிய ஹாரி பெர்குசன் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர். டிராக்டர் தொழிலில் புகழ் பெற்றபின், தம் இறுதிக் காலத்தில் நான்கு சக்கரங்களும் இழுக்கும் கார்களின் மீது அவர் கருத்தைச் செலுத்தினார். அவருடைய நிறுவனம் உருவாக்கிய பி-99 என்னும் பந்தயக் கார், 1961ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஔல்டன் பார்க் திடலில், மழையில் நனைந்த பாதையில், ஸ்டிர்லிங் மாஸ் ஓட்ட, முதலாவதாக வந்தது. அந்த வெற்றியைக் காண ஹாரி பெர்குசன் உயிரோடு இல்லை. அவர் 1960ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.

அவருடைய வழிமுறையைத் தழுவி 1966ஆம் ஆண்டில் ஜென்சன் எஃப்.எஃப். என்னும் கார் இங்கிலாந்தில் வெளிவந்தது. எஞ்சினின் முறுக்கு விசையில் 37 பங்கு முன்னுக்கும் 63 பங்கு பின்னுக்கும் செல்லும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. விலை மிகுதியால் 320 கார்களே செய்யப்பட்டன. 1980ஆம் ஆண்டில் ஜெனீவா கண்காட்சியில் ஜெர்மனியின் ஆடி நிறுவனம் குவாட்ரோ என்னும் காரைக் காட்டியபின்னரே உலகம் விழித்துக்கொண்டது. அதற்கடுத்த ஆண்டு இத்தாலியின் சான்ரெமோ பந்தயத்தில் மிஷேல் மூத்தோன் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி அக்காரை ஓட்டி வென்றார். உலக ராலிப் பந்தயம் ஒன்றில் வென்ற முதற்பெண் அவரே. ஆயினும் தொடக்ககாலக் குவாட்ரோவில் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டுவதும் விடுவிப்பதும் ஓட்டுநரின் கைவேலையாகவே இருந்தது.

அந்தக் கைவேலையைக் கணினியிடம் ஒப்படைத்த கார்களுள் பெயர் பெற்றது, 1989ஆம் ஆண்டில் ஜப்பானின் நிஸ்ஸான் நிறுவனம் வெளியிட்ட ஸ்கைலைன் ஜி.டி.-ஆர். இயல்பாக அது பின் சக்கரங்களால் ஓடும் கார். பின் சக்கரங்கள் வழுக்குகின்றன என்பதை உணரிகள் அறிவித்தால், எண்ணெய் அழுத்தத்தால் பல தகடுகளுள்ள ஒரு கிளட்ச் நெருக்கப்பட்டு, முறுக்கு விசையில் பாதிவரை முன் சக்கரங்களுக்கு அனுப்பப்படும். ஜப்பானிய சுற்றுலாக் கார்ப் பந்தயத் தொடரில் 1990 முதல் 1993 வரை நடந்த 29 போட்டிகளிலும் இக்கார்களே வென்றன என்றால், அந்தக் கிளட்சின் திறம் விளங்கும்.

வீட்டு மேசைக்கு வந்த காரணம்

தொழிற்சாலையே இத்தனை நேர்த்தியாகச் செய்யும்போது வீட்டில் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். விடை சுபாரு என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் கார்களில் இருக்கிறது.

அந்நிறுவனத்தின் இம்ப்ரெசா வகையில் எஸ்.டி.ஐ. எனப்படும் வலிய கார்களில், நடு டிஃபரன்ஷியலோடு ஒரு மின்காந்தக் கிளட்சும் சேர்க்கப்பட்டிருந்தது. ஓட்டுநர் ஒரு சிறு சக்கரத்தை விரலால் உருட்டி, பூட்டின் இறுக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். அல்லது தானியங்கி நிலையில் கணினியிடம் விட்டுவிடலாம். மின்சாரம் இல்லாதபோது முறுக்கு விசை, ஒரு காலத்தில் வந்த கார்களில் ஏறக்குறைய 35க்கு 65 என்றும், பின்னர் வந்தவற்றில் 41க்கு 59 என்றும் முன்னும் பின்னுமாகப் பிரியும். மின்சாரம் பாய்ந்து கிளட்ச் இறுகினால் இரண்டு அச்சுகளும் ஒரே வேகத்தில் சுழலும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். பூட்டினால் வலிமை 50க்கு 50 எனச் சரிபாதியாகப் பிரியும் என்று பலர் நினைக்கின்றனர். உண்மை அதுவன்று. பூட்டு சமமாக்குவது வேகத்தைத்தான். வலிமையோ எந்த அச்சுக்குப் பிடிப்பு மிகுதியோ அதன் பக்கம் செல்லும். முன் சக்கரங்கள் பனிக்கட்டியின்மேல் நின்றால் ஏறக்குறைய முழு வலிமையும் பின்னுக்கே போய்ச்சேரும்.

இந்த எஸ்.டி.ஐ. காரின் ஆறு கியர்ப் பெட்டி மிக உறுதியானது. ஆகவே வலிமை குறைந்த கியர் பாக்ஸ் உள்ள வேறு சுபாரு கார் வைத்திருக்கும் ஆர்வலர்கள், விபத்தில் சிதைந்த கார்களிலிருந்து அதைக் கழற்றி வாங்கித் தம் காரில் பொருத்துகின்றனர். பெட்டி வருகிறது, மின்காந்தக் கிளட்சும் அதனுள்ளே வருகிறது. ஆனால் அதற்குக் கட்டளையிடும் கணினி வருவதில்லை. வந்தாலும், மற்றொரு காரின் கம்பித் தொகுதியோடு அது ஒத்துப்போவதில்லை. கியர்ப் பெட்டியிலிருந்து இரண்டு கம்பிகள் வெறுமனே தொங்குகின்றன. "இதற்கு என்ன சொல்வது?" என்னும் கேள்வியில்தான் வீட்டு மேசை வேலை தொடங்குகிறது.

ஆயத்தமான பெட்டிகளும் விற்பனைக்கு உண்டு. ஆயினும் உள்ளே என்ன நடக்கிறது என்று அறியும் ஆவலும், தம் பாதைக்கும் தம் டயருக்கும் ஏற்றவாறு அமைத்துக்கொள்ளும் விருப்பமும் சிலரைத் தாமே செய்யத் தூண்டுகின்றன.

பெட்டியினுள்ளே

வேலையின் முதற்பாதி எளியது. மின்காந்தச் சுருளுக்கு எவ்வளவு மின்னோட்டம் கொடுக்கிறோமோ அந்த அளவுக்குக் கிளட்ச் இறுகும். மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் தண்ணீர்க் குழாயைத் திருகுவதுபோல் ஒரு தடையைத் திருகலாம்; ஆனால் அத்தடை அடுப்பைப்போல் சுடும். ஆகவே வேறு வழியைக் கையாளுகின்றனர். மாஸ்ஃபெட் என்னும் ஒருவகை டிரான்சிஸ்டரைக் கொண்டு மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு முறை போட்டு அணைக்கின்றனர். பாதி நேரம் ஓடி, பாதி நேரம் நின்றால் சுருள் உணர்வது பாதி மின்னோட்டத்தை.

எடுத்துக்காட்டாக, 2 ஓம் தடையுள்ள ஒரு சுருளுக்குக் காரின் 14 வோல்ட்டையும் இடைவிடாது கொடுத்தால் 7 ஆம்பியர் பாயும். 98 வாட் வெப்பம் உண்டாகும். பாதி நேரமே கொடுத்தால் 3.5 ஆம்பியர், வெப்பம் 24.5 வாட்டாக, அதாவது நான்கில் ஒன்றாகக் குறைகிறது. ஆனால் செம்புக் கம்பி சூடேறினால் அதன் தடை உயரும். 80 டிகிரி கூடினால் தடை ஏறக்குறைய 30 விழுக்காடு மிகுந்துவிடும். காலையில் அளந்து வைத்த இறுக்கம், மலைப்பாதையில் ஒரு மணி நேரம் ஓடியபின் இராது. ஆதலால் கொடுத்த கட்டளையை மட்டும் நம்பாது, பாயும் மின்னோட்டத்தை அளந்து பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கும் அமைப்பே நல்ல அமைப்பு.

கட்டளையிடும் மூளையாகப் பலர் பயன்படுத்துவது ஆர்டுயினோ என்னும் சிறு பலகை. இத்தாலியின் இவ்ரேயா நகரில், மின்னணுவியல் படிக்காத கலை மாணவர்களும் எளிதில் கையாளட்டும் என்று 2005ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது அது. அதன் ஊனோ வகை நொடிக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்பில் இயங்குகிறது. உள்ளங்கையில் அடங்கும் அப்பலகை இவ்வேலைக்குத் தாராளமாகப் போதும். நொடிக்கு 100 முறை சிந்தித்து முடிவெடுத்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு முடிவுக்கும் மறுமுடிவுக்கும் இடையே 28 சென்டிமீட்டரே நகர்ந்திருக்கும்.

கேட்கும் காதுகள்

முடிவெடுக்க வேண்டுமானால் செய்தி வேண்டும். பெட்டி கேட்கவேண்டிய செய்திகள் ஐந்து: ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, கால்பிரேக் மிதிபட்டிருக்கிறதா, கைபிரேக் இழுக்கப்பட்டிருக்கிறதா, சக்கரங்கள் என்ன வேகத்தில் சுழல்கின்றன, கார் எப்பக்கம் தள்ளப்படுகிறது.

இவற்றுள் சக்கர வேகம் அறிவது எளிதென்று தோன்றும். சக்கரத்தோடு சுழலும் பல் வளையம் ஒன்றின் பற்களை எண்ணினால் போதும். 48 பற்கள், டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்று கொண்டால், மணிக்கு 20 கிலோமீட்டரில் நொடிக்கு 133 பற்கள் கடக்கும். 5 கிலோமீட்டரில் 33 மட்டுமே. வண்டி ஊர்ந்து செல்லும்போது பெட்டிக்குச் செய்தி மெதுவாகவே வந்து சேருகிறது. வண்டி நிறுத்துமிடத்தின் கூரிய வளைவில், அதாவது விடுவிக்க வேண்டிய தேவை மிகுந்த வேளையில், அதன் காது மந்தமாக இருக்கிறது!

மற்றொரு பொறி டயர்த் தேய்மானம். புது டயரின் ஆரம் 320 மில்லிமீட்டர் என்றால், 6 மில்லிமீட்டர் தேய்ந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஏறக்குறைய 2 விழுக்காடு மிகுதியாகச் சுழலும். முன்னே புது டயரும் பின்னே பழைய டயரும் இட்ட காரில், பின் சக்கரங்கள் ஓயாது வழுக்குவதாகப் பெட்டி எண்ணிக்கொள்ளும். நேர்ச்சாலையிலும் பூட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே மூன்று, நான்கு விழுக்காட்டு வேறுபாட்டை வேறுபாடாகவே கருதாதபடி பெட்டிக்குக் கற்பிக்க வேண்டும். சிறு குறைகளைப் பொறுத்துக்கொள்ளத் தெரியாத காவலன் ஊருக்கே தொல்லை அல்லவா?

கார் தள்ளப்படும் திசையை அறியும் உணரிக்கும் ஒரு குறையுண்டு. அது புவியீர்ப்பையும் சேர்த்தே உணர்கிறது. 10 டிகிரி சரிவில் அசையாது நிற்கும் காரைக்கூட, புவியீர்ப்பில் 0.17 பங்கு விசையோடு பாய்வதாக அது சொல்லும். எனவே ஒரு சாட்சியின் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்கலாகாது. மற்றவற்றோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

உணரியின் சொல்லையே வேண்டுமென்று மாற்றும் ஒரு வழக்கமும் உண்டு என்பதை இங்கே குறிப்பிடலாம். மேற்சொன்ன ஜி.டி.-ஆர். காரில், உணரிக்கும் கணினிக்கும் இடையே ஒரு சிறு பெட்டியைப் புகுத்தி, அளவை மாற்றிச் சொல்லவைத்து, கணினியை ஏமாற்றி முன் சக்கரங்களுக்குச் செல்லும் வலிமையைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளும் ஆர்வலர் இருந்தனர். பொய்ச் சான்று நீதிமன்றத்தில் மட்டுமன்றி இயந்திரத்திலும் உண்டு போலும்!

மெளனம் சொல்லாகாது

இப்போது நாம் இவ்வேலையின் உயிர்நிலைக்கு வருகிறோம். பூட்டக் கற்பிப்பது எளிது. ஆக்சிலரேட்டர் மிதிபட்டால் இறுக்கு, சக்கரம் வழுக்கினால் மேலும் இறுக்கு என்று பத்து வரிகளில் கட்டளை எழுதிவிடலாம். கடினமான பாடம் விடுவிப்பதே.

கைபிரேக் பின் சக்கரங்களைப் பிடிப்பது. நடு டிஃபரன்ஷியல் பூட்டியிருந்தால் அந்தப் பிடி முன் சக்கரங்களையும் சென்று இழுக்கும். ஆகவே கைபிரேக் உயர்ந்த நொடியில் விடுவித்தல் வேண்டும். பிரேக் மிதிக்கும்போது சக்கரம் உறைந்து சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு, ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் தனித்தனியே அறிந்து வேலை செய்வது. முன்னும் பின்னும் பிணைந்திருந்தால் அது குழம்பும். ஆகவே அது இயங்கும்போதும் விடுவித்தல் வேண்டும். மெதுவான கூரிய வளைவிலும் விடுவித்தல் வேண்டும். விரைவான பெருவளைவிலோ அத்தனை அவசரமில்லை. 100 மீட்டர் ஆரமுள்ள வளைவில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் உள்ள வேறுபாடு நூற்றில் 0.03 பங்கே.

விடுவிக்கும் வேகத்திலும் ஒரு நுட்பம் உள்ளது. மின்சாரத்தை அணைத்தவுடன் சுருள் தன்னுள் சேர்த்துவைத்த ஆற்றலை எதிர்த்து வீசும். அது டிரான்சிஸ்டரை எரித்துவிடும். அதைத் தடுக்க டையோடு என்னும் சிறு உறுப்பைக் குறுக்கே இணைக்கின்றனர். டிரான்சிஸ்டர் பிழைக்கிறது. ஆனால் மின்னோட்டம் அந்த டையோடு வழியே சுற்றிச்சுற்றி மெல்லத்தான் அடங்குகிறது. கிளட்சும் மெல்லத்தான் விடுகிறது. பெட்டியைக் காப்பாற்றும் அதே ஏற்பாடு விடுதலையைத் தாமதமாக்குகிறது! அறிந்தவர்கள் அந்த ஆற்றல் விரைவில் கரையுமாறு ஸீனர் வகை டையோடு ஒன்றையும் சேர்த்து அமைக்கின்றனர்.

அடுத்தது, கம்பி அறுந்தால் என்ன செய்வது என்னும் கேள்வி. பெரும்பாலான ஆக்சிலரேட்டர் உணரிகள், கால் எடுத்த நிலையில் 0.5 வோல்ட்டும் முழுதும் மிதித்த நிலையில் 4.5 வோல்ட்டும் தரும்படி அமைக்கப்படுகின்றன. ஏன் சரியாக 0 முதல் 5 வரை வைக்கவில்லை? கம்பி அறுந்தாலோ ஒன்றோடொன்று பட்டாலோ அளவு 0 அல்லது 5 ஆகிவிடும். அப்போது, "இது செய்தியன்று, ஏதோ பழுது" என்று பெட்டி அறிந்துகொள்ளட்டும் என்றுதான். இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தாமல், 5 வோல்ட்டைக் கண்டதும் "முழு மிதி" என்றெண்ணி முழுப் பூட்டு இடும் பெட்டி, மெளனத்தைச் சொல்லாக எடுத்துக்கொண்ட மூடனுக்கு ஒப்பாகும்.

எல்லாவற்றிலும் கொடியது மற்றொன்று. மின்சாரம் நின்றுபோனால் கிளட்ச் தானே விட்டுவிடும். கார் சாதாரணமாக ஓடும். இது இவ்வமைப்பின் பெரும்பேறு. ஆனால் அந்த மாஸ்ஃபெட் பழுதாகும்போது, பெரும்பாலும் அணைந்த நிலையில் பழுதாவதில்லை. உள்ளே உருகி, எப்போதும் மின்சாரம் கடத்தும் நிலையிலேயே நின்றுவிடுகிறது. மூளை "விடு, விடு" என்று எத்தனை முறை கட்டளையிட்டாலும் கேட்க ஆளில்லை. மழைநாளில், வளைவில், முழுப் பூட்டோடு கார் சிக்கிக்கொள்கிறது. நிரலை எத்தனை அழகாக எழுதியிருந்தாலும் இதற்கு மருந்தாகாது.

மருந்து மிகப் பழையது: ஒரு ரிலே. மாஸ்ஃபெட்டுக்கு முன்னே, அதே கம்பிப் பாதையில், இயல்பாகத் திறந்தே இருக்கும் ரிலே ஒன்றை வைக்கவேண்டும். மூளை நலமாயிருக்கிறது, அளவுகள் ஒழுங்காயிருக்கின்றன, அளந்த மின்னோட்டம் கட்டளையோடு ஒத்திருக்கிறது என்னும் மூன்றும் உறுதியானால் மட்டுமே அது மூடியிருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் திறந்துவிட வேண்டும். மூளை இடையில் உறைந்துபோனால், வாட்ச்டாக் எனப்படும் காவல் கடிகாரம் அதைத் தட்டியெழுப்பும். அதுவரை ரிலே திறந்தே இருக்கும். இவற்றோடு அளவான ஒரு ஃபியூஸும், ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் யாவற்றையும் துண்டிக்கும் ஒரு சுவிட்சும் வேண்டும். இந்த ரிலேயும் சுவிட்சும் காரை ஓர் அங்குலங்கூட விரைவாக்குவதில்லை. ஆயினும் பெட்டியில் உள்ள உறுப்புகளுள் முதன்மையானவை இவையே.

சோதனையின் வரிசை

செய்து முடித்ததும் காரில் பொருத்திச் சாலையில் பறப்பது அறிவுடைமையன்று. முதலில் மேசையின்மேல், மின்சுருளுக்குப் பதிலாக ஒரு 12 வோல்ட் பல்பை இணைத்துப் பார்க்கின்றனர். கட்டளைக்கேற்ப அது மங்கியும் ஒளிர்ந்தும் காட்டும். பின்னர் மின்கலத்தின் அழுத்தத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். குளிர்நாட்டில் எஞ்சினை முடுக்கும்போது அது 12 வோல்ட்டிலிருந்து வெகுவாகத் தாழ்ந்து, மூளை மயங்கி மறுபடியும் தொடங்கக்கூடும். மயங்கி விழிக்கும் அந்த நொடியில் பல்பு எரியலாகாது.

அதன்பின் மிகத் தேவையான சோதனை. பெட்டி இயங்கிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். எந்தக் கம்பியைப் பிடுங்கினாலும் பல்பு அணைய வேண்டும். ஒரே ஒரு கம்பிக்கு அணையாவிட்டாலும் பெட்டி காரைத் தொடத் தகுதி பெறவில்லை.

காரில் பொருத்தியபின், இரண்டு சக்கரங்களை மட்டும் ஜாக்கியால் தூக்கி எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது பேராபத்து. நான்கு சக்கரமும் இழுக்கும் கார், தரையில் உள்ள இரண்டு சக்கரங்களால் ஜாக்கியிலிருந்து பாய்ந்து இறங்கிவிடும். ஆளில்லாத சரளைக்கல் திடலில், நடைவேகத்தில், ஸ்டியரிங்கை முழுதும் திருப்பி ஓட்டிப் பார்ப்பதே முறை. தடுக்கல் தெரிந்தால் விடுவிப்பதில் குறை உள்ளது. திடலில் நிறைவு காணாமல் பொதுச் சாலைக்கு வரலாகாது. தம் நாட்டு வாகனச் சட்டம் இத்தகைய மாற்றத்தை ஏற்கிறதா, காப்பீடு செல்லுமா என்பதையும் முன்னரே கேட்டறிய வேண்டும்.

நமக்கு என்ன?

நம் ஊர்களில் இத்தகைய கார்கள் அரியவை. எனினும் ஆர்டுயினோ பலகையும் ரிலேயும் மின்மோட்டாரும் நம் பிள்ளைகளின் கைக்கு எட்டாதவை அல்ல. பள்ளிக் கண்காட்சிக்கென ஒரு மகனோ மகளோ வீட்டில் எதையேனும் ஓடவைக்கும்போது, பெற்றோராகிய நாம் வழக்கமாகக் கேட்பது, "ஓடுகிறதா?" என்பதே. இனி மற்றொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போமாக: "கம்பி அறுந்தால் என்ன செய்யும்?" அந்தக் கேள்விக்கு விடை தேடும் பிள்ளை, விளையாட்டுப் பருவத்தைக் கடந்து பொறியாளரின் வாசற்படியில் கால் வைத்துவிட்டது எனலாம்.

தொழிற்சாலைப் பெட்டி ஒன்று பழுதானால், பெயரும் முகவரியும் உள்ள ஒரு நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்கும். வீட்டில் செய்த பெட்டிக்குப் பொறுப்பாளி அதைச் செய்தவனே. காரில் அவனோடு அமர்ந்திருக்கும் மனைவி மக்களும், எதிரே சைக்கிளில் வரும் முன்பின் அறியாத ஒருவரும், அவன் வைத்த அந்தச் சிறு ரிலேயை நம்பியே செல்கின்றனர். அவர்களுக்கு அந்தப் பெட்டி இருப்பதே தெரியாது.

சப்பரம் தூக்குவோரில் கெட்டிக்காரர் யார் தெரியுமா? நேர்த்தெருவில் இறுகப் பிடிப்பவர் பலர் உண்டு. முனை திரும்பும்போது, பாரம் சாயாமல், தம் பிடியை வேண்டிய அளவு தளர்த்திக் கொடுத்து, மறுபடியும் பற்றிக்கொள்பவரே கெட்டிக்காரர். நல்ல பெட்டியும் அத்தகையதே.